உடையாத மஞ்சள் கோடு

லாரியின் பின்பக்கத்து அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, தின்னரில் நனைத்த துணியால் ஒரு நட்டின் தலையைத் தேய்த்துக்கொண்டிருந்தான் சென்ட்டு. நட்டின் மீது நீலக் கோடு. அது போயாக வேண்டும். தெரு முழித்துக்கொள்வதற்குள் போயாக வேண்டும்.

பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுடைய லைசென்ஸில் பத்திரமாக இருந்தது. உறவும் தெருவும் அவனைச் சென்ட்டு என்றுதான் கூப்பிட்டன. லாரிக்காரன் என்றால் டீசல் நாறும் என்று இளவயதில் யாரோ ஒருத்தி சொல்லிவிட்டாளாம். அன்று தொட்டு, சட்டைக்கு இரண்டு பக்கமும் சென்ட் அடிக்காமல் அவன் ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை.

"என்னங்க." அவன் காலருகே மனைவியின் குரல் வந்து நின்றது. "விடிஞ்சும் விடியாம அடியில என்ன ஆராய்ச்சி?"

"கண்ணாடிக்காரர் வர்றாருல்ல. சுத்தமா இருக்கட்டுமேன்னு."

"அவரு வண்டிக்கு அடியில படுத்தா பார்க்கப் போறாரு?"

"அண்ணன் பார்ப்பாரு."

"அத்தான் பார்க்கப் போறாருன்னா அப்புறம் நீங்க எதுக்கு? அவர் கை பட்டா ஆச்சு. எழுந்து வந்து குளிங்க."

செருப்புச் சத்தம் உள்ளே போனது. சென்ட்டு துணியை இன்னும் அழுத்தித் தேய்த்தான். இப்போது அவள் சொன்னாளே, அத்தான் கை பட்டா ஆச்சு என்று, அந்த வாக்கியம்தான் அவனை இந்த லாரிக்கு அடியில் கொண்டுவந்து படுக்க வைத்திருந்தது.

அத்தான் என்றால் அவள் அக்கா வீட்டுக்காரர். சென்ட்டுவுக்குச் சகலை. வயதில் மூத்தவர் என்பதால் அவன் அண்ணே என்பான். மெக்கானிக். சொந்தப் பட்டறை. லாரி வாங்கிய நாளிலிருந்து அவர்தான் பார்க்கிறார். சென்ட்டுவிடம் மட்டும் கூலி என்று வாய் திறந்து கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் தேவலை. வீட்டில் அந்த லாரி நகர்ந்தால் அத்தான் புண்ணியம், நின்றால் அத்தான் புண்ணியம். ஹாரன் அடித்தால்கூட "அத்தான் போட்டுக் கொடுத்த ஹாரன், எப்படிக் கேக்குது பாருங்க" என்பாள் மனைவி. ஓட்டுகிறவன் ஒருத்தன் உள்ளே உட்கார்ந்திருப்பது யார் நினைவுக்கும் வராது.

கொஞ்ச நாளுக்கு முன்னால் லாரியின் பின்பக்கத்தில் டொக் என்று ஒரு சத்தம் கிளம்பியது. வளைவில் திரும்பினால் டொக். வேகத்தடை ஏறி இறங்கினால் டொக், டொக். சென்ட்டு ஒரு முடிவுக்கு வந்தான். இந்த ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, யார் வீட்டுப் பிள்ளையோ போல எங்காவது போய், மரியாதையாகப் பணம் கொடுத்து வேலை வாங்கிவிடுவது.

பெரிய ரோட்டில் புதிதாகத் திறந்த பட்டறை. கண்ணாடிக் கதவு. உள்ளே குளிர்சாதனம். சட்டைப் பையில் பேனா குத்திய ஒருவன் கதவைத் திறந்துவிட்டு, "வாங்க சார். உட்காருங்க சார். டீயா காபியா சார்?" என்றான். ஒரே மூச்சில் மூன்று சார். சென்ட்டு காலை நீட்டி உட்கார்ந்து இரண்டையும் குடித்தான்.

"ஒண்ணும் இல்ல சார். ஸ்டெபிலைசர் ராடு புஷ் தேஞ்சிருக்கு. மாத்திடலாம் சார்."

லாரியின் பின்சக்கரங்களுக்கு நடுவே குறுக்காக ஓடும் வளைந்த இரும்புத் தடி அது. வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாயாமல் இழுத்துப் பிடிப்பது அதுதான். அந்தத் தடியை இரண்டு இடத்தில் ரப்பர் கவ்விக்கொண்டிருக்கும். ரப்பரை இரும்புப் பட்டை கவ்விக்கொண்டிருக்கும். பட்டையை நட்டு கவ்விக்கொண்டிருக்கும். ரப்பர் தேய்ந்தால் தடி உள்ளே ஆடும், இடிக்கும், டொக் என்னும். அந்த ரப்பருக்குத்தான் புஷ் என்று பெயர். போன மழைக்கு முன்னால் சகலை மாற்றியிருந்த புஷ்ஷைக் கழற்றிப் போட்டுவிட்டு, கண்ணாடிக் கதவுக்காரர்கள் புதுசு மாட்டினார்கள். சத்தம் போய்விட்டது. சென்ட்டு நெஞ்சை நிமிர்த்தி வீட்டுக்கு வந்தான். யாரிடமும் மூச்சு விடவில்லை.

இரண்டு வாரம் போகவில்லை, டொக் திரும்பி வந்தது. போனதை விடச் சத்தமாக.

அதைக்கூட எப்படியாவது சமாளித்திருப்பான். நேற்றுச் சாயங்காலம் சகலையின் போன் வந்தது, அங்கேதான் மாட்டிக்கொண்டான்.

"சகலை, நாளைக்குக் காலையில வண்டியை எடுத்துட்டு வா. கண்ணாடிக்காரரு வர்றாரு. வருஷம் பூரா அவர் லோடு உனக்குத்தான், பேசிட்டேன். ஆனா மனுஷன் கண்ணாடி ஏத்துறவரு பாரு, ஆடுற வண்டின்னா தொட மாட்டாரு. பள்ளத்துல இறக்கி என் கோட்டையெல்லாம் ஒண்ணொண்ணா காட்டப் போறேன்."

கோடு. அதுதான் விஷயம்.

ஒரு நட்டை இறுக்கி முடித்ததும் மெக்கானிக் அதன் மேல் ஒரு கோடு இழுப்பார். நட்டின் தலையில் தொடங்கி, அது உட்கார்ந்திருக்கும் இரும்பில் போய் முடிகிற கோடு. நட்டு கொஞ்சம் திரும்பினாலும் கோடு உடைந்து இரண்டு துண்டாகிவிடும். பார்த்த மாத்திரத்தில் தளர்ந்திருக்கிறது என்று தெரியும். பட்டறைக்குப் பட்டறை ஒரு நிறம். சகலையுடையது மஞ்சள். கண்ணாடிக் கதவுக்காரர்களுடையது நீலம். லாரிக்கு அடியில் நான்கு நட்டுகளில் நீலக் கோட்டைப் பார்த்தால், வேறு பட்டறை வாசலை மிதித்துவிட்டு வந்திருக்கிறான் என்று சகலைக்கு அரை நொடியில் தெரிந்துவிடும். அதுவும் கண்ணாடிக்காரர் முன்னால்.

ஆகவே தின்னர். ஆகவே நம்பர் பிளேட்டுக்கு அடித்தது போக மிச்சம் இருந்த மஞ்சள் பெயிண்ட். சென்ட்டுவின் திட்டம் அவனுக்கே பிடித்திருந்தது. நீலத்தை அழி. மஞ்சளை இழு. மேலே கொஞ்சம் தெருப்புழுதியைத் தூவு. சகலை பார்ப்பார், புஷ் தேய்ந்திருக்கு என்பார், மாற்றுவார். ரப்பர் என்றால் தேயத்தானே செய்யும்? ரப்பரெல்லாம் கறுப்பு, எந்த ரப்பர் யார் போட்டது என்று யாருக்குத் தெரியும்?

அழிக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. நான்கில் இரண்டு நட்டுகளில் நீலக் கோடு நேராக இல்லை. நட்டின் மேல் ஒரு துண்டு, இரும்பின் மேல் ஒரு துண்டு, நடுவில் இடைவெளி. சென்ட்டு பார்த்தான். பார்த்துவிட்டு அதையும் சேர்த்து அழித்தான்.

பிறகு தீக்குச்சி முனையில் பெயிண்டைத் தொட்டு, நாக்கைத் துருத்திக்கொண்டு, நான்கு மஞ்சள் கோடுகள் இழுத்தான். நான்கும் அட்சர சுத்தமாக வந்தன. காய்ந்ததும் மேலே புழுதியைத் தூவினான். எழுந்து குளித்து, தின்னர் வாடை போக வழக்கத்தைவிட இரண்டு மடங்கு சென்ட் அடித்துக்கொண்டான். வலது கட்டை விரல் நகத்துக்கு அடியில் மட்டும் ஒரு பொட்டு மஞ்சள் போகவே மாட்டேன் என்றது. தின்னர் தீர்ந்திருந்தது. கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டான்.

*

பட்டறைக்குள் லாரி நுழைந்து பள்ளத்தின் மீது நின்றதும் மெக்கானிக் ஒரு தும்மல் போட்டார். இன்னொன்று போட்டார்.

"ஏன் சகலை, சென்ட் பாட்டில் கவுந்துடுச்சா? இதுல ஏத்திட்டு வந்தா கண்ணாடியே மயங்கி விழுந்துடும்."

கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அண்ணி, அதாவது மெக்கானிக்கின் மனைவி, தலையைத் தூக்காமல் சொன்னாள்: "விடுங்க. பொண்ணு வீட்டுக்காரங்க வர்றாங்கன்னு நினைச்சுட்டாரு போல. தம்பி, டீ எடுத்துக்கங்க."

சென்ட்டு இடது கையை நீட்டி டம்ளரை வாங்கினான்.

"என்ன இடது கை?"

"வலது கை... சுளுக்கு அண்ணி."

கண்ணாடிக்காரர் ஒல்லியாக, இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். பேச்சு குறைவு. எதைப் பார்த்தாலும் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்கிற பழக்கம் அவருக்கு. விரிசல் விட்ட கண்ணாடியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் காதால் பிடித்துவிடுவாராம். லாரியின் கதவைத் தட்டினார். மட்கார்டைத் தட்டினார். பின் பலகையைத் தட்டினார்.

"பழசு," என்றார்.

"பழசுதான். ஆனா என் கையில வளர்ந்த பழசு," என்றார் மெக்கானிக். "வாங்க, இறங்கிப் பார்க்கலாம். சட்டை அழுக்காகும், பரவாயில்லையா?"

"சட்டையைத் தோய்ச்சுக்கலாம். உடைஞ்ச கண்ணாடியை என்ன பண்றது?"

மூவரும் பள்ளத்தில் இறங்கினார்கள். மெக்கானிக் கைவிளக்கைத் தூக்கிப் பிடித்து, வரிசையாகக் காட்டிக்கொண்டே வந்தார். இது ஸ்பிரிங் போல்ட்டு, கோடு பாருங்க. இது ஷாக்கப்சர், கோடு பாருங்க. ஒவ்வொரு கோட்டையும் காட்டும்போது அவர் குரலில் பள்ளியில் முதல் மார்க் வாங்கிய பிள்ளையின் அப்பா இருந்தார்.

"இறுக்குன கைதான் கோடு போடணும், இறுக்குன அப்புறம்தான் போடணும்னு நம்ம பட்டறையில சட்டம்," என்றார். "இவ கேலி பண்ணுவா. வீட்டுத் தண்ணித் தொட்டி மூடிக்கும் ஒரு கோடு போட்டு வச்சிருக்கேன்."

"கேஸ் சிலிண்டருக்கும்," மேலிருந்து அண்ணியின் குரல் வந்தது.

கண்ணாடிக்காரர் முதல் தடவையாகச் சிரித்தார். சென்ட்டுவுக்கும் கொஞ்சம் தெம்பு வந்தது. வருஷம் பூரா லோடு. கையில் வந்த மாதிரிதான்.

"சத்தம் ஏதாவது உண்டா சகலை?"

"பின்னாடி லேசா ஒரு டொக் அண்ணே. புஷ் தேஞ்சிருக்கும்னு நினைக்கிறேன்."

"அதுக்குள்ளயா? மழைக்கு முன்னாடிதானே போட்டேன்." விளக்கு பின்பக்கம் நகர்ந்தது. தடி மேல் விழுந்தது. பட்டை மேல் விழுந்தது. நட்டு மேல் விழுந்து நின்றது. "ம், கோடு அப்படியே இருக்கு. ரப்பர்தான் போயிருக்கணும்." விரலால் ரப்பரைத் தொட்டார். அது வாய் பிளந்து, நார் நாராக நைந்திருந்தது. "அடடா, என்ன இது, நாய் கடிச்ச செருப்பு மாதிரி."

"மாத்திட்டா போச்சு அண்ணே," என்றான் சென்ட்டு வேகமாக.

"இரு. ரப்பர் சும்மா இப்படி நையாது. பட்டை லூசா இருந்தாத்தான்..." மெக்கானிக் நிறுத்தினார். ஸ்பேனரை எடுக்கக் கூட இல்லை. இரண்டு விரலால் நட்டைப் பிடித்துத் திருப்பினார்.

நட்டு, தண்ணீர் பாட்டில் மூடி போலச் சுழன்றது.

மெக்கானிக் அடுத்த நட்டுக்கு முன்னால் விளக்கை வெகு அருகில் கொண்டுபோனார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். கோடு முழுசாக, நட்டிலிருந்து இரும்புக்கு ஒரே இழுப்பாக இருந்தது. விரலால் தொட்டார். இதுவும் சுழன்றது.

காலையில் சென்ட்டு பார்த்துவிட்டு அழித்த இடைவெளிக்கு என்ன அர்த்தம் என்று இப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கோடு உடைந்திருந்தால் நட்டு தானாகத் தளர்ந்தது என்று பொருள். அது யார் குற்றமும் இல்லை, ஓடுகிற வண்டியில் நடக்கிறதுதான். கோடு உடையாமல் இருந்து நட்டு மட்டும் லூசாக இருந்தால்? அதற்கு ஒரே ஒரு பொருள்தான். இறுக்காமலே கோடு போட்டிருக்கிறார்கள்.

அந்தக் கணக்கைப் போட மெக்கானிக்குக் கொஞ்ச நேரம் ஆனது. போட்டு முடித்ததும் அவர் முகம் மாறியது.

"என் கோடுதான்," என்றார் மெதுவாக. கண்ணாடிக்காரரைப் பார்த்துத்தான் சொன்னார். "உங்ககிட்ட மறைக்கக் கூடாது. இது நான் இறுக்காம விட்ட நட்டு. இறுக்காமலே கோடு போட்டிருக்கேன்."

கண்ணாடிக்காரர் விரல் முட்டியைப் பட்டை மேல் வைத்து இரண்டு தட்டுத் தட்டினார். கடகடவென்று ஆடியது. அவர் ஏணியில் ஏறி வெளியே போனார்.

*

மெக்கானிக் பள்ளத்திலிருந்து ஏறி வந்து, ஸ்டூலில் உட்காராமல், டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்தார். கையில் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அண்ணி எழுந்து வந்து அதை வாங்கி அணைத்தாள்.

"என்ன ஆச்சு?"

"போனை எடு," என்றார். "அந்த புஷ் நான் போட்டது மழைக்கு முன்னாடி. அதுக்கப்புறம் நான் கோடு போட்ட வண்டியெல்லாம் திரும்பி வரணும். முதல்ல பள்ளிக்கூட வேன். பிரேக் வேலை நான்தான் பார்த்தேன். அப்புறம் ஆக்சிஜன் சிலிண்டர் ஏத்துற வண்டி. அப்புறம்..." நெற்றியைத் தேய்த்தார். "அப்புறம் யாரு? உனக்கு ஞாபகம் இருக்கா? எனக்கு வரலையே."

"நிதானமா யோசிங்க. ஒரு நட்டுதானே?"

"நாலு நட்டு. ரெண்டு, விரல்ல சுத்துது."

அண்ணி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மெக்கானிக் குரலைத் தாழ்த்தினார். ஆனால் லாரியின் சக்கரத்தை ஒட்டி நின்ற சென்ட்டுவுக்கு அது காதில் விழுந்தது.

"எங்கப்பாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சது. குளிச்சிட்டு குளிச்சிட்டு மறுபடி குளிக்கப் போவாரு. கதவைப் பூட்டிட்டேன்னு அடிச்சுச் சொல்வாரு, போய்ப் பார்த்தா திறந்து கிடக்கும். அவரு வயசு வர எனக்கு இன்னும் எவ்வளவோ இருக்கேன்னு நினைச்சேன்."

"பேசாம இருங்க."

"இறுக்குனதா எனக்கு ஞாபகம் இருக்குடி. நல்லா ஞாபகம் இருக்கு. அதான் பயமா இருக்கு."

அண்ணி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அந்த மாமனாரைக் கடைசி வரை குளிப்பாட்டிச் சோறு ஊட்டியவள் அவள்தான். அவர் கடைசியில் யாரைப் பார்த்தாலும் "நீங்க யாரு, எந்த ஊரு?" என்று மரியாதையாகக் கேட்பார். கல்லாவுக்குப் போய்ப் போனை எடுத்து வந்து நம்பரைத் தேடினாள்.

கண்ணாடிக்காரர் வாசலில் தன் காருக்கு அருகே நின்று யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். வேறு வண்டிக்குச் சொல்கிறார் போல.

சென்ட்டு நின்றான். இப்போது ஒன்றும் பேசாமல் நின்றால் போதும். அவன் மீது ஒரு தூசி விழாது. அத்தான் கை பட்டா ஆச்சு என்று வீட்டில் இனி எவளும் சொல்ல மாட்டாள். வெகுநாளாக அவன் உள்ளுக்குள் ஆசைப்பட்டது ஏறக்குறைய இதுதான். ஆசைப்பட்டது இப்படி டயர் மேல் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருக்கும் என்றுதான் தெரியாமல் போய்விட்டது.

"வேன்காரருக்கு ரிங் போகுது," என்றாள் அண்ணி.

"கொடு."

"அண்ணே," என்றான் சென்ட்டு.

"இரு சகலை. உனக்கு அப்புறம். உன் லோடும் போச்சு என்னால. இரு, பேசிட்டு வந்துடறேன்."

உன் லோடும் போச்சு என்னால. சென்ட்டுவுக்குச் சொல்வதற்கு ஒரு வரிதான் இருந்தது. அவன் பாக்கெட்டிலிருந்து வலது கையை எடுத்தான். நடந்து போய், போனுக்கும் மெக்கானிக்கின் காதுக்கும் நடுவில் அந்தக் கையை நீட்டினான். கட்டை விரல் மேலே இருந்தது.

மெக்கானிக் முதலில் கையைப் பார்த்தார், சுளுக்கைக் காட்டுகிறான் என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு நகத்தைப் பார்த்தார். நகத்துக்கு அடியில் இருந்த மஞ்சளைப் பார்த்தார். போனிலிருந்து "ஹலோ, ஹலோ, சொல்லுங்கண்ணே" என்று வேன்காரரின் குரல் வந்துகொண்டே இருந்தது.

"நான் போட்ட கோடு," என்றான் சென்ட்டு. "இன்னைக்குக் காலையில. உங்க புஷ் இல்ல அது. பெரிய ரோட்டுப் பட்டறையில மாத்துனேன். அவங்க நீலக் கோடு இருந்துச்சு. உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு அழிச்சிட்டு... அழிக்கும்போதே உடைஞ்சிருந்துச்சு அண்ணே. பார்த்தேன்."

மெக்கானிக் போனை வாங்கி, "ஒண்ணுமில்லப்பா, கை பட்டு வந்துடுச்சு. வை," என்று சொல்லிக் கட் பண்ணினார்.

சென்ட்டு அடிக்குக் காத்திருந்தான். கெட்ட வார்த்தைக்குக் காத்திருந்தான். இரண்டும் வந்திருந்தால் வாங்கிக்கொண்டு நின்றிருப்பான்.

மெக்கானிக் மனைவி பக்கம் திரும்பினார். அவர் முகம் முழுக்க, சின்னப் பிள்ளையுடையது மாதிரி, ஒரு நிம்மதி பரவிக்கொண்டிருந்தது.

"அப்ப நான் மறக்கல," என்றார். "இறுக்கிட்டுத்தான் போட்டிருக்கேன். சொன்னேன்ல? ஞாபகம் இருக்குன்னு சொன்னேன்ல?"

அண்ணி தலையை ஆட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து கல்லாவுக்குப் பின்னால் போனாள். சென்ட்டுவைத் தாண்டித்தான் போனாள். அவன் அங்கே ஒரு டயராக நின்றிருந்தால் எப்படிச் சுற்றிப் போயிருப்பாளோ அப்படிப் போனாள். அவன் குடித்துவிட்டு வைத்திருந்த டம்ளரை எடுத்துக் கழுவி, கவிழ்த்தாள்.

அந்த நிம்மதியைப் பார்ப்பதற்குப் பதில், பள்ளத்தில் விழுந்து மேலே மண்ணைத் தள்ளியிருக்கலாம் என்று இருந்தது சென்ட்டுவுக்கு.

கண்ணாடிக்காரர் எப்போது உள்ளே வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"மெக்கானிக், உங்ககிட்ட நான் கொடுத்த வார்த்தை அப்படியே இருக்கு," என்றார். "நீங்க கோடு போட்ட வேற வண்டி எதையாவது சொல்லுங்க. எடுத்துக்கறேன்."

போகும்போது பழக்க தோஷத்தில் லாரியின் பின் பலகையை இன்னொரு தடவை தட்டினார். காதைச் சாய்த்தார். போய்விட்டார்.

*

"பள்ளத்துல இறங்கி விளக்கைப் பிடி," என்றார் மெக்கானிக்.

அவ்வளவுதான் சொன்னார். சென்ட்டு விளக்கைப் பிடித்தான்.

நட்டுகளைக் கழற்றினார். பட்டையை இறக்கினார். நைந்த ரப்பரை உருவித் தரையில் போட்டார். தடியில் ரப்பர் உட்காரும் இடத்தில் துரு ஏறியிருந்தது. உப்புத்தாளைச் சுற்றிப் பிடித்து, தடி பளபளக்கும் வரை தேய்த்தார். துணியால் துடைத்தார். விரலால் தடவிப் பார்த்தார். மறுபடி தேய்த்தார்.

வழக்கமாக இந்த வேலையில் அவர் வாய் ஓயாது. ரப்பருக்கு கிரீஸ் தடவாதே, ஊதிப் போயிடும், சோப்புத் தண்ணி போதும் என்பார். வெட்டு எந்தப் பக்கம் பார்க்கணும் சொல்லு பார்ப்போம் என்று வம்பிழுப்பார். என் மச்சினியை எப்போது சினிமாவுக்குக் கூட்டிப் போகப் போகிறாய் என்பார். இன்று சோப்புத் தண்ணியைத் தொட்டுத் தடவினார். ரப்பரின் வெட்டை விரித்துத் தடி மேல் ஏற்றினார். பட்டையைப் பொருத்தினார். நட்டைக் கையால் ஓட்டினார். உப்புத்தாளின் சரசரப்பும் ஸ்பேனரின் கிளிக்கும் தவிர வேறு சத்தமில்லை. சென்ட் வாடைக்கு நடுவில் ஒரே ஒரு தடவை தும்மினார்.

"அண்ணே," என்றான் சென்ட்டு.

"விளக்கை இந்தப் பக்கம்."

விளக்கை அந்தப் பக்கம் பிடித்தான்.

நான்கு நட்டுகளையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக, இழுத்து இறுக்கினார். கடைசி நட்டுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. தடியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். அசையவில்லை. சென்ட்டு இழுத்திருந்த மஞ்சள் கோடுகளின் மிச்சத்தை, நட்டிலும் இரும்பிலும் ஒட்டிக்கொண்டிருந்ததை, உப்புத்தாளால் ஒன்று விடாமல் சுரண்டி எடுத்தார். வெறும் இரும்பு தெரிந்தது.

மேலே ஏறினார். மஞ்சள் பெயிண்ட் டப்பா எப்போதும் இருக்கும் இடத்தில், ஸ்பேனர் பலகைக்குக் கீழே, தூரிகை மேலே கிடக்க இருந்தது. சென்ட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். மெக்கானிக் அதைத் தாண்டிப் போய்க் கையைக் கழுவினார். மண்ணெண்ணெய், பிறகு சோப்பு, பிறகு தண்ணீர். ஒவ்வொரு நகமாக.

"கோடு, அண்ணே?" என்றான் சென்ட்டு. கேட்டிருக்கக் கூடாது என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது.

மெக்கானிக் துண்டில் கையைத் துடைத்தார். சாவியை எடுத்து நீட்டினார். அவர் குரலில் கோபம் ஒரு துளி இல்லை. கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டவனுக்கு இருந்த அதே பணிவுதான் இருந்தது.

"வண்டி ரெடி சார்," என்றார். "எடுத்துக்கலாம்."

சென்ட்டு சாவியை வாங்கினான். வலது கையாலேயே வாங்கினான். கல்லாப் பக்கம் பார்த்தான். அண்ணி, குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள், அவன் போகும் வரை தேடுவாள்.

பட்டறைத் தெரு முனையில் ஒரு வேகத்தடை உண்டு. லாரி ஏறியது, இறங்கியது. ஒரு டொக் கூட இல்லை. நாளைக்கு அவன் மனைவி கேட்பாள், பார்த்தீங்களா, அத்தான் கை பட்டா ஆச்சுல்ல என்பாள். ஆமாம் என்று சொல்ல வேண்டியிருக்கும். அவன் ஜன்னலை முழுசாக இறக்கிவிட்டு, சட்டை மேல் பட்டனைக் கழற்றினான். காற்று உள்ளே வந்து சென்ட் வாடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோனது. அதற்கு அடியில் தின்னர் வாடை அப்படியே இருந்தது.